பத்தாவது கவர்

"துப்புங்க சார். முதல்ல துப்புங்க, அப்புறம் பேசலாம்."

இரும்புக் கேட்டை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிக்கொண்டே அச்சுதன் கத்தினான். எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. கத்துகிறவன் மருந்துக்கடைக்காரன் என்று தெரிந்ததும் படக்கென்று மூடிக்கொண்டது. 2021-ஆம் வருஷத்து மே மாதம் அது. மருந்துக்கடைக்காரன் ஒரு வீட்டு வாசலில் வந்து நின்றாலே தெரு மூச்சை அடக்கிக்கொள்ளும்.

உள்ளே நாற்காலியில் தோத்தாத்ரி உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர். மதியச் சாப்பாட்டுக்கு மேல்தான் காலை மாத்திரையையே போடுவேன் என்று அடம்பிடிக்கிற ரகம். கையில் தண்ணீர் டம்ளரும் வாய்க்குள் மாத்திரையுமாக ஒரு கணம் விழித்தவர், வகுப்பில் மிட்டாயோடு மாட்டிக்கொண்ட பையனைப் போல உள்ளங்கையில் துப்பினார்.

"இது எத்தனையாவது சார்?"

"ஏழு. செவ்வாய்க்கிழமை காலைலேர்ந்து."

"வாய்ல புண் இருக்கா? நாக்கு, ஈறு, உதடு உள்பக்கம்?"

"ஒண்ணும் இல்லையே. எதுக்குக் கேக்கறே?"

கவரைக் காம்பவுண்டு சுவர்மேல் வைத்துவிட்டுத் தள்ளிப் போகச் சொன்னான் அச்சுதன். கையுறை மாட்டிக்கொண்டான். பழுப்புக் காகித கவரின் வாயைப் பிரித்து, உள்ளே இருந்த வெள்ளி ஸ்ட்ரிப்பை உருவி, வெயிலில் திருப்பினான்.

பச்சைக் கோடு.

சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"சரியான மாத்திரைதான் சார். போட்டுக்குங்க."

தோத்தாத்ரி தன் உள்ளங்கையைப் பார்த்தார். "இதையா?"

"வேற ஒண்ணு எடுத்துப் போடுங்க."

"அப்போ கடைசியில ஒரு வேளைக்குக் குறையுமே."

ஹெட்மாஸ்டர் கணக்கு போட்டு முடிப்பதற்குள் ஸ்கூட்டர் தெருமுனையைத் தாண்டியிருந்தது.

பத்து கவரில் ஆறு முடிந்தது. நான்கு பாக்கி. அந்த நான்கில் ஒன்றுக்குள் எமன் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான்.

எல்லாம் ஒன்றே கால் மணி நேரத்துக்கு முன்னால் ஆரம்பித்தது.

கிழக்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனிலிருந்து ஆறாவது தெருவில் அச்சுதனின் மருந்துக்கடை. மூட்டுவாதத்துக்காக மாதாமாதம் மாத்திரை வாங்கும் ஒரு அம்மாளின் டிரைவர் மதியம் ஒரு மணிக்கு வந்து சீட்டை நீட்டினார். அந்த மாத்திரை வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போட வேண்டியது. தினமும் போட்டால் உடம்புக்குள் ரத்தம் ஊறும் இடமே வறண்டுபோகும். முதலில் வாய் புண்ணாகும். பிறகு ரத்த அணுக்கள் இறங்கும். அதற்குப் பிறகு சின்னக் காய்ச்சல்கூட ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் அந்தப் பெட்டிமேல் சிவப்பு மையில் 'வாரம் 1' என்று அச்சுதனே எழுதி ஒட்டியிருந்தான்.

பெட்டியில் மூன்று ஸ்ட்ரிப் இருக்க வேண்டும். இரண்டுதான் இருந்தது.

பக்கத்துப் பெட்டியைத் திறந்தான். அதில் ஒரு ஸ்ட்ரிப் அதிகமாக இருந்தது.

அந்தப் பக்கத்துப் பெட்டி, டாக்டர் ஜெபராஜின் கொரோனா கவருக்கான மாத்திரை. ஜெபராஜ் எதிர்த்தெருவில் கிளினிக் வைத்திருக்கிறார். பாதி நாள் கொரோனா வார்டிலும் டியூட்டி பார்க்கிறார். காய்ச்சலும் உடம்புவலியுமாக ஆரம்பிக்கிற முதல் ஓரிரு நாளிலேயே பிடித்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி. போனில் விசாரிப்பார். ஆக்சிஜன் நன்றாக இருக்கிறவர்களுக்கு, வயிற்றுப் புண்ணோ கிட்னிக் கோளாறோ இல்லாதவர்களுக்கு மட்டும், உடம்புக்குள் அழற்சியைத் தணிக்கிற மாத்திரை ஒன்றை எழுதுவார். காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பிட்ட பிறகு. ஐந்து நாள். வயிற்றுக்குத் துணையாக இன்னொன்று. வாட்ஸ்அப்பில் சுற்றுகிற ஸ்டீராய்டு சீட்டைக் காட்டினால் போனிலேயே திட்டு விழும். விரலில் மாட்டுகிற மீட்டர் தொண்ணூற்று நாலுக்குக் கீழே காட்டினால் மாத்திரையை மறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு என்பார்.

கடை வாசலில் கூட்டம் சேராமல் இருக்க அச்சுதன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். ஸ்ட்ரிப்புகளை வீட்டுக்குக் கொண்டுபோவான். மனைவி சாவித்ரி டைனிங் டேபிளில் உட்கார்ந்து ஆளுக்கொரு கவராகப் போட்டு, ஸ்டேப்ளர் அடித்து, மேலே காலை 1, இரவு 1 என்று எழுதுவாள். கணக்கு டீச்சர் கையெழுத்து, அச்சடித்த மாதிரி இருக்கும். வாங்குகிறவர்கள் அந்தக் கையெழுத்தைப் படிப்பார்களே தவிர, ஸ்ட்ரிப்பில் இருக்கிற பொடி இங்கிலீஷை யார் படிக்கிறார்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையில் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டரும் உயிரை விட்டிருந்தது. காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, ஆக்சிஜன் சிலிண்டர் கேட்டு அழுத யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே, அரை இருட்டில் கைத்தடவலாகப் பத்து ஸ்ட்ரிப் எடுத்துப் பையில் போட்டான். இரண்டும் ஒரே கம்பெனி. ஒரே வெள்ளி நிறம். ஒன்றில் பச்சைக் கோடு, ஒன்றில் நீலக் கோடு. இரண்டு பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவனும் அவனேதான்.

ஒன்பது பச்சை. ஒரு நீலம்.

கடையில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கும் சாராள், அவன் முகம் போன போக்கைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டாள். நோட்டை எடுத்தாள். எட்டுப் பேர் பெயர் இருந்தது. திங்கள், செவ்வாய் கூட்டத்தில் இரண்டு பேரை எழுதாமல் விட்டிருக்கிறோம் என்று இருவருமே நினைத்தார்கள். எட்டில் ஐந்து பேர் ஸ்ட்ரிப்பைப் படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். ஐந்தும் பச்சை. மீதி மூன்று பேர் போனை எடுக்கவில்லை.

"தெரு குரூப்ல ஒரு வரி போட்டுருங்க சார்," என்றாள் சாராள். "யாரும் அந்தக் கவரைத் தொடாதீங்கன்னு. அஞ்சு நிமிஷத்துல எல்லாருக்கும் தெரிஞ்சிரும்."

அச்சுதன் போனை எடுத்தான். டைப்பும் அடித்தான். அனுப்புகிற இடத்தில் கட்டை விரல் நின்றுவிட்டது.

லைசென்ஸ் போகும். போலீஸ் வரும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அந்தத் தெருவில் நூற்று இருபது வீடு. ஜுரம் வந்தால் அவன் கவரைத்தான் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில் அவனே கல்லைத் தூக்கிப் போட வேண்டுமா? பத்தே கவர். நேரிலேயே போய்ப் பார்த்துவிடலாம்.

அடித்த வரியை அழித்தான்.

"நானே போறேன். நீங்க டாக்டருக்கு அடிச்சுக்கிட்டே இருங்க. பத்துப் பேருக்கும் சீட்டு குடுத்தவர் அவர். அவர்கிட்ட பேர் இருக்கும்."

டாக்டர் வார்டில் இருந்தார். அந்தக் கவச உடையைப் போட்டுவிட்டால் ஆறு மணி நேரத்துக்குப் போனைத் தொட முடியாது.

ஏழாவது கவர் கேம்ப் ரோட்டில், பக்தவச்சலம் என்ற பேங்க்காரர் வீட்டில். அவர் மாடியில் தனியாகப் படுத்திருந்தார். மனைவி கூடையில் வைத்துக் கயிற்றில் இறக்கிய கவரில், ஸ்ட்ரிப் பச்சை. எட்டாவது சேலையூர் தாண்டி, அந்தோணிசாமி வீடு. வாசலில் பூட்டு. பக்கத்து வீட்டில் விசாரித்தால், காலையில் ஆம்புலன்ஸ் வந்தது என்றார்கள். மகள் நம்பரை வாங்கி அடித்தான். ஏழாவது ரிங்கில் எடுத்தது அந்தப் பெண். வழுக்கி விழுந்து அப்பாவுக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டதாகவும், கொரோனா நேற்றே தேறிவிட்டதாகவும், கவர் இதோ தன் கைப்பையிலேயே இருப்பதாகவும் சொன்னது. படம் வந்தது.

பச்சை.

அவனுக்கு அழுகை வந்தது. ஒருவர் காலை உடைத்துக்கொண்டதற்குச் சந்தோஷப்படுகிற ஆளாகிவிட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

மணி நாலரை. ரோட்டோரம் வண்டியை நிறுத்தித் தண்ணீர் குடித்தான். போன் அடித்தது. சாவித்ரி.

ஒரே வீட்டில் இருந்தாலும் இருவரும் முகத்துக்கு முகம் பார்த்து இரண்டு வாரம் ஆகிறது. நாள் பூராவும் நோயாளிகள் நடுவில் நிற்கிறவன், நோயை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடக் கூடாது என்று முன்னறையில் தனியாகத் தங்கிக்கொண்டான். அதற்குத் தனி வாசல், தனி பாத்ரூம். நடுக் கதவு சாத்தியே இருக்கும். கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூல். அதில் அவள் தட்டை வைத்துவிட்டுத் தட்டுவாள். அவன் மாத்திரைப் பையை வைப்பான். பேச்செல்லாம் கதவு வழியாக, இல்லாவிட்டால் போனில்.

போன வாரம் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டுதான் சாராளிடம் போனில் பொரிந்து தள்ளினான். பக்கத்துத் தெரு மளிகைக் கடையில், முதலாளி வீட்டில் ஒருவருக்கு வந்தது என்று பதினாலு நாள் சீல் வைத்துவிட்டார்கள். "நம்ம வீட்ல யாருக்காவது வந்துச்சோ, தொலைஞ்சோம். இந்த நேரத்துல கடையை மூடினா இந்த ஜனங்க மாத்திரைக்கு எங்க போவாங்க?" என்று சத்தம் போட்டிருந்தான்.

இப்போது போனில் சாவித்ரி, எங்கே இருக்கிறீர்கள், கடையில் இல்லையாமே என்று கேட்டாள். டெலிவரிக்கு வந்தேன் என்று பொய் சொன்னான்.

"குரல் ஒரு மாதிரி இருக்கே. ஏதாவது பிரச்சினையா?"

சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. கவர் போட்டவள் அவள். தன் கையால் போட்ட கவரில் விஷம் போயிருக்கிறது என்று தெரிந்தால் ராத்திரி தூங்க மாட்டாள். எதற்கு அவளையும் சேர்த்துக் கலங்கடிப்பது?

"ஒண்ணும் இல்ல. வெயில். ராத்திரி என்ன சமையல்?"

"தயிர் சாதம்."

"இன்னிக்குமா? மூணு நாளா தயிர் சாதம். உனக்கு ஆன்லைன் கிளாஸ் எடுத்து எடுத்து அடுப்பே மறந்துபோச்சு."

அவள் மெதுவாகச் சிரித்தாள். "எட்டு மணிக்கு வந்துருங்க. நானும் அப்பதான் சாப்பிடுவேன்," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

நோட்டில் இல்லாத இரண்டு பேரில் ஒருவனை, ஆறு மணிவாக்கில் சாராள் யோசித்து யோசித்துப் பிடித்துவிட்டாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே வந்து, டாக்டர் சீட்டைப் போனில் காட்டி, அப்பாவுக்கு என்று வாங்கிப் போனவன். கால் டாக்ஸி ஓட்டுகிற தீனா. திருநீர்மலை அடிவாரத்தில் வீடு.

ஜி.எஸ்.டி. ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. ஆம்புலன்ஸ்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. இரண்டு இடத்தில் போலீஸ் மறித்தது. லைசென்ஸ் நகலைக் காட்டியபோது, நாளைக்கு இது இருக்குமோ இருக்காதோ என்று நினைத்துக்கொண்டான். ஒரு ஆஸ்பத்திரி வாசலில் ஏழெட்டு ஆம்புலன்ஸ் வரிசை கட்டி நின்றது. கதவு திறந்திருந்த ஒன்றில், யாரோ ஒருவரின் பாதம் மட்டும் வெளியே தெரிந்தது. அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

திருநீர்மலையில் அந்தச் சந்தைத் தேடிப் பிடிப்பதற்குள் ஏழு மணி தாண்டிவிட்டது. மேலே மலைக்கோயில் விளக்கில்லாமல் இருந்தது. தீனா வாசலிலேயே நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னா சார், நீயே வூட்டாண்ட வந்துகீற? மாத்தரை குட்த்தவன் பின்னாலயே வந்தா மன்சனுக்கு பயமா இருக்காதா?"

"அப்பா எப்படி இருக்கார்?"

"படுத்துகினு கீறாரு. வாயிதான் ஒரே புண்ணு. சோறு எறங்கல."

அச்சுதன் அவனை விலக்கினான். சாமான்கள் நிரம்பிய அந்த ஒற்றை அறைக்குள், முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டு பாய்ந்து நுழைந்தான். கிழவர் கட்டிலில் சுருண்டு கிடந்தார். செல்போன் வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொன்னான். உள் கன்னம் ரத்தச் சிவப்பு. உதட்டோரம் வெந்து உரிந்திருந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"எத்தினி நாளா?" தீனா விரலை மடக்கினான். "ஒரு முப்பது வருசமா கீது சார். சுண்ணாம்ப அப்டியே அள்ளிப் போட்டுக்குவாரு. சொன்னா கேக்கறதில்ல. வெத்தல பாக்கு இல்லன்னா சோறு வாணாம்ன்றாரு."

கிழவர் சிவந்த வாயைத் திறந்து சிரித்தார். தலையணைக்கு அடியிலிருந்து கவரை உருவி நீட்டினார். சாவித்ரியின் அழகான கையெழுத்து. ஸ்ட்ரிப்பை வெளியே எடுத்தான்.

பச்சை.

"இன்னா சார், பேஜாரா கீதா? உக்காரு. தண்ணி குடி," என்றான் தீனா.

தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து ஸ்கூட்டரின்மேல் சாய்ந்தான். ஒன்பது முடிந்தது. ஒன்பதும் பச்சை. அப்படியானால் பத்தாவது கவர்தான் நீலம். சந்தேகத்துக்கே இடமில்லை.

திங்கட்கிழமை போட ஆரம்பித்திருந்தால் இந்நேரம் ஒன்பது மாத்திரை உள்ளே போயிருக்கும். ஒன்பது வாரத்து மருந்து ஐந்தே நாளில். இன்று ராத்திரி பத்தாவது. இப்போது நிறுத்தி, மாற்று மருந்து கொடுக்க ஆரம்பித்தால் பிழைக்க வைக்க வழி உண்டு. நாளைக்கு என்றால் சொல்ல முடியாது. எந்தத் தெருவில், எந்த வீட்டில், யார் இப்போது சாப்பிட உட்காருகிறார்கள்? ஒரு பெயர் வேண்டும். ஒரே ஒரு பெயர்.

சாராளுக்கு அடித்தான். மணி ஏழு நாற்பது.

"பத்தாவது ஆளை நல்லா யோசிச்சுப் பாருங்க சாராள். ஆம்பளையா பொம்பளையா, அதாவது ஞாபகம் இருக்கா?"



"சார், மதியத்துலேர்ந்து ஒண்ணு மனசை அரிச்சுக்கிட்டே இருக்கு. நீங்க பத்து பத்துன்னு சொன்னதும் நான்தான் தப்பா எண்ணிட்டேன்னு வாயை மூடிக்கிட்டேன். திங்கக்கிழமை காலைல நீங்க கொண்டுவந்து வெச்ச கூடையை நான் எண்ணினேன் சார். ஒம்பதுதான் இருந்துச்சு."

"பத்து ஸ்ட்ரிப் குடுத்தேனே."

"கூடைல ஒம்பது கவர்தான் சார் வந்துச்சு. ஆண்டவர் சத்தியமா."

அச்சுதன் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பத்து ஸ்ட்ரிப் ஸ்டூலுக்குப் போனது. ஒன்பது கவர் ஸ்டூலிலிருந்து வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது? மேஜைக்கு அடியில் விழுந்திருக்கும். ஆமாம், அப்படித்தான். டைனிங் டேபிளுக்குக் கீழே எங்கேயோ கிடக்கிறது. யாரும் சாப்பிடவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவனுக்குச் சிரிப்பு வரும்போல் இருந்தது. மூன்று நாளாகத் தயிர் சாதம் என்ற நினைப்பு எங்கிருந்தோ வந்து, வந்த சிரிப்பை அப்படியே நிறுத்தியது.

கையில் போன் அதிர்ந்தது. டாக்டர் ஜெபராஜ்.

"அச்சுதன், இப்பதான் வெளிய வந்தேன். சாராளோட மெசேஜ் எல்லாம் பாத்தேன். பத்தாவது சீட்டு யாருதுன்னுதானே?"

"சொல்லுங்க டாக்டர்."

"யாருன்னு உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டாங்க. பேஷண்ட் கேட்டுக்கிட்டா நான் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். ஆனா இப்ப சொல்லாம இருக்க முடியாது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போன் பண்ணினாங்க. நூத்தி ஒண்ணு ஜுரம், உடம்புவலி, ஆக்சிஜன் நல்லா இருந்துச்சு. சீட்டு எழுதினேன். கடைக்குப் போக வேண்டியதில்ல டாக்டர், கவர் போடறவளே நான்தான், ஒண்ணு எடுத்துக்கறேன்னாங்க. அவருக்குத் தெரிஞ்சா கடையை மூடிடுவார், தெரு ஜனங்க பாவம்னாங்க. நேத்து வாய் வெந்துபோச்சு, காரமே சாப்பிட முடியலன்னு மெசேஜ் போட்டிருக்காங்க, நான் இப்பதான் பாக்கறேன். திங்கக்கிழமை காலைலேர்ந்து போட்டுக்கிட்டிருக்காங்க அச்சுதன். உங்க சாவித்ரி."